ஊருக்கு முதலில் வந்தது யார் என்ற தகராறு

போன தை மாதம் சித்தப்பா போன் செய்தார். அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம், அதில் நாலு பக்கத்துக்கு ஊர் வரலாறு வேண்டுமாம். "நீதான் எப்பப் பாத்தாலும் எதையாவது கிறுக்கிக்கினே இருக்கியே, எழுதிக் குடுடா" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். ஆறு மாதம் இழுத்தது, முடிந்தபோது பெரியப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

ஊர் என்று நான் சொல்வது இன்றைக்கு சென்னை மாநகராட்சியின் ஒரு வார்டில் பாதி. 2011ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருத்ததே, அப்போது உள்ளே வந்த 42 உள்ளாட்சிகளில் 25 வெறும் கிராமப் பஞ்சாயத்துகள், அதில் ஒன்று எங்களுடையது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஊர் வாட்ஸப் குரூப்பில் நான்காவது சுற்று தொடங்கிவிடும், மூன்று சுற்றே போதும். தென்சென்னைப் பக்கம், ஏரி இருந்த ஊர், இப்போது ஏரியின் பேரில் ஒரு தெரு இருக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலர்க் கமிட்டிக்கு உண்மையில் வேண்டியது வரலாறு இல்லை என்று முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது. அவர்களுக்கு வேண்டியது 'ஆதிக் குடும்பங்கள்' என்று ஒரு பட்டியல், அதில் முதல் வரியில் யார் பெயர் என்பது. எங்கள் ஊரில் ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது அம்மனுக்குச் சாத்திய பரிவட்டத்தை யாருக்கு முதலில் கட்டுவது என்று மூன்று குடும்பங்களுக்குள் தகராறு உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பூசாரி பரிவட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார். பம்பைக்காரர்கள் அடித்து அடித்து ஓய்ந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். கூழ் ஆறி ஆடை கட்டிவிட்டது. இதெல்லாம் நடக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மெட்ரோ ரயிலுக்குத் தூண் போடுகிறார்கள்.

அந்த மூன்றில் ஒன்று எங்கள் குடும்பம். அதனால்தான் என்னை எழுதச் சொன்னார்களோ என்று பிறகு தோன்றியது.

பெரியப்பாவின் கணக்கு சுலபமானது. "நம்மதாண்டா மொதல்ல வந்தது. ஆதொண்டச் சக்கரவர்த்தி கூட்டியாந்தாரு." தொண்டைமண்டலத்தில் எந்த ஊரில் போய் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சோழ ராஜாவுக்குப் பிறந்த ஆதொண்டன் வடக்கே வந்து, காட்டையும் ஆட்டையும் வைத்துக்கொண்டு இங்கே இருந்த குறும்பர்களை அடித்து, 24 கோட்டம் 79 நாடாகப் பிரித்து, வேளாண் குடிகளைக் கொண்டுவந்து குடியேற்றினான் என்பது கதை. காலின் மெக்கன்சி என்ற சர்வேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் வைத்து ஊர் ஊராகக் கதை சேகரித்தாரே, அந்தச் சுவடிகளிலும் இது இருக்கிறது. குறும்பர் கோட்டை புழலில் இருந்தது என்பார்கள். நாம் தண்ணீர் குடிக்கிற அதே புழல்தான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், முதலில் வந்தவர்கள் என்று காட்டச் சொல்லப்படுகிற கதையே நமக்கு முன்னால் வேறு ஆட்கள் இருந்தார்கள் என்று ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "அவுங்க கணக்குல வரமாட்டாங்க" என்றார். அப்படியே போனால் 1863 மே 30ஆம் தேதி நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரி எடுத்தார். பிற்பாடு திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் என்று காலம் சொன்னார்கள். அந்தக் கோடரிக்காரர் எழுந்து வந்து பரிவட்டம் கேட்டால் கமிட்டி என்ன செய்யும்?

நாடு, கோட்டம் எல்லாம் வெறும் கதையும் இல்லை. எங்கள் பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளில் 'புலியூர்க் கோட்டமான குலோத்துங்கசோழ வளநாட்டுச் சுரத்தூர் நாட்டு' என்று விலாசம் வரும். புலியூர் என்பது கோடம்பாக்கம் பக்கத்துப் புலியூர். நாம் பின்கோடு எழுதுவதுபோல அவர்கள் கோட்டமும் நாடும் எழுதினார்கள். கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு விட்டவர், நிலம் விட்டவர், பொன் கொடுத்தவர் பெயரெல்லாம் கல்லில் இருக்கிறது. ஏற்கெனவே நிலமும் ஆடும் வைத்திருந்தவர்கள் அவர்கள். முதலில் வந்தது யார் என்று கல்வெட்டு சொல்வதில்லை, யாரிடம் கொடுப்பதற்கு இருந்தது என்றுதான் சொல்கிறது.

சரி, காகிதத்துக்கு வருவோம். பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு, சின்ன வயதில் நாங்கள் தொட்டால் அடி விழும். எங்கள் காணியாட்சிக்கு, அதாவது ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குக்கு, ஆதாரம் அதில் இருக்கிறது என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், யாரும் படித்ததில்லை. மலருக்காக என்று கெஞ்சிக் கேட்டு இறக்கினேன். பூச்சி மருந்து வாசனை, நடுவில் மடித்து மடித்து மடிப்பிலேயே பிய்ந்துபோன முத்திரைத்தாள், பழுப்பு மசியில் புள்ளி வைக்காத எழுத்து. ஒரு பக்கத்தைப் படிக்க இரண்டு ராத்திரி ஆனது. 'நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண' என்று எட்டு போகமும், அதாவது நிலத்தின் மேல் எட்டு விதமான அனுபவ உரிமையும், வரிசையாக வந்து, புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சூரிய சந்திரர் உள்ளவரைக்கும் ஆண்டு அனுபவித்துக்கொள்வீராகவும் என்று முடிகிறது. மண்ணுக்குள் இருக்கும் புதையலைக்கூட விடாமல் எழுதி விற்றிருக்கிறார்கள், இப்போது பில்டர்கள் அக்ரிமெண்ட்டில் பார்க்கிங்கைக்கூட எழுத மாட்டேன் என்கிறார்கள்.

விற்றிருக்கிறார்கள். அதுதான் விஷயம். அது கிரயப் பத்திரம். விளம்பி வருஷம் ஆவணி, அதாவது 1898. சென்னப்பட்டணம் கோமளீசுவரன்பேட்டையில் குடியிருந்த ஒருவர், இந்தக் கிராமத்தில் தனக்குள்ள ஒரு பங்கில் அரைப் பங்கை எங்கள் முப்பாட்டனுக்கு விற்கிறார். பத்திரத்தில் எங்கள் முப்பாட்டன் 'மேற்படி கிராமத்தில் பயிரிடும்' ஆள், அவ்வளவுதான். ஆதொண்டனோடு வந்ததாகச் சொல்லிக்கொண்ட குடும்பம் முத்திரைத்தாளோடு வந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள காணியாட்சி என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் மிராசு என்று அரபியிலிருந்து வந்த பெயரில் ஓடியது இதுதான். செங்கல்பட்டுச் சீமையில் ஒரு கிராமம் என்பது இத்தனை பங்கு என்று ஒரு கணக்கு. சில ஊரில் நிலத்தை நிரந்தரமாக வகுத்துக்கொள்வார்கள், அது அருதிக்கரை. சில ஊரில் பங்கு மட்டும்தான் சொந்தம், எந்த வயல் யாருக்கு என்பது சில வருஷத்துக்கு ஒருமுறை மாறும், அது பசுங்கரை. பங்காளி என்று நாம் இன்றைக்கும் சண்டை போடுகிற உறவுமுறைக்குள்ளே அந்தப் பங்கு உட்கார்ந்திருக்கிறது. பங்கு இல்லாமல் பயிர் செய்தவர்கள் பயிர்க்குடிகள். அதே ஊரில் வீடு கட்டி வழிவழியாக உழுதால் உள்குடி, பக்கத்து ஊரிலிருந்து வந்து உழுதுவிட்டுப் போனால் பரக்குடி. இவர்கள் விளைச்சலில் துண்டுவாரம் என்று ஒரு பங்கைக் காணியாட்சிக்காரருக்குக் கொடுக்க வேண்டும். நாங்கள் உள்குடியாக இருந்து, சம்பாதித்து, பட்டணத்துக்குப் போய்விட்ட ஒரு பங்குக்காரரிடம் வாங்கி மேலே ஏறியவர்கள். இதில் கேவலப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. உழைத்து வாங்கியதைவிடச் சும்மா கூட வந்தது எப்படிப் பெருமை? பெரியப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை. பத்திரத்தை வாங்கி, மடித்து, பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்.

(போகிறபோக்கில் ஒன்று. சென்னையில் மனை விற்கிறவர்கள் வாய் ஓயாமல் சொல்லும் கிரவுண்டு, அந்த 2,400 சதுர அடி, எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? 24 மனை ஒரு காணி. 57,600 சதுர அடி, ஏக்கரில் 1.32. அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு என்று ஈஎம்ஐ கட்டுகிறவர்கள் எல்லோரும் காணியைத்தான் துண்டு போட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.)

பட்டணத்துப் பணக்காரர்கள் கிராமப் பங்குகளை வாங்குவது 1898க்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்த பழக்கம், கும்பினியிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம், துபாஷி (மொழிபெயர்க்கும் தரகர்) வேலை பார்த்தவர்கள் இதில் முந்திக்கொண்டார்கள். அதற்கு முன்னால் ஊரே காலியான கதையும் உண்டு. நவாப் முகமது அலி 1763ல் இந்தச் சீமையைக் கும்பினிக்கு வரி வசூலித்து அனுபவிக்கும் ஜாகீராகக் கொடுத்தார். 1780ல் ஹைதர் அலி படை இறங்கியது, பொள்ளிலூரில் கும்பினிப் படை அடி வாங்கியது, கூடவே பஞ்சம். செங்கல்பட்டுச் சீமையில் ஊர் ஊராக ஜனங்கள் கிளம்பிப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் யார், வராதவர்கள் யார், காலியான வீட்டில் வந்து உட்கார்ந்தவர்கள் யார்? 1794ல் கலெக்டராக வந்த லியோனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட்டார், குடிகளைத் திருப்பி அழைத்தார், ஒத்துவராத மிராசுதாரர்களைத் தள்ளிவிட்டு வேறு ஆளை வைக்கவும் தயங்கவில்லை. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில் பெயர் இருக்கிற அதே துரைதான். அதனால் யாராவது 'ஆயிரம் வருஷமாக இதே வீட்டில்' என்று சொன்னால் நான் 1780ஐத் தாண்டி வந்தீர்களா என்று கேட்கப் பழகிவிட்டேன். கல்யாண வீடுகளில் இதனால் நல்ல பெயர் கிடைப்பதில்லை.

எல்லிஸ் துரையையும் சொல்லியாக வேண்டும். சென்னைக் கலெக்டராக இருந்த, திருக்குறளில் ஊறிய அதே எல்லிஸ், 1818 தண்ணீர்ப் பஞ்சத்தில் சென்னையில் 27 கிணறு வெட்டியவர். மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட 17 கேள்விகளுக்கு அவர் எழுதிய நீளமான பதில் அதே 1818ல் அச்சானது, ஆதொண்டன் குடியேற்றிய கதைக்கு அதில் நல்ல இடம். மனசுக்குப் பிடித்த துரைதான், ஆனால் எங்கள் பெரியப்பா மாதிரி ஆட்களின் கதை அச்சில் ஏறிச் சட்ட வாதமாக ஆனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்கு வழி காட்டியது இதெல்லாம் இல்லை, நெல் குவியல்.

ஜாகீர் கைக்கு வந்ததும் தாமஸ் பர்னார்டு என்பவர் தலைமையில் 1767 தொடங்கி 1774 வரை ஒரு சர்வே நடந்தது. 2,000 கிராமங்களுக்கு மேல். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய கணக்குகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, ஆங்கிலப் பதிவேடுகள் எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஆவணக் காப்பகத்தில். திருப்போரூர், வடக்குப்பட்டு இரண்டு ஊரின் ஓலைக் கணக்கைச் சென்னையிலிருக்கும் ஒரு ஆய்வு மையம் 2001ல் புத்தகமாகவே போட்டது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். களத்தில் நெல் அடித்துக் குவித்ததும் சர்க்காருக்கும் குடிக்கும் வாரம் (விளைச்சல் பங்கு) பிரிப்பதற்கு முன்பே யார் யாருக்கு எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அதில் வருகிறது. அதற்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். ஆமாம், சுதந்திரம். 1947க்கு முன்னால் அந்தச் சொல்லுக்கு எங்கள் சீமையில் மரக்கால் கணக்கு இருந்தது. கோயில், கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், காவல்காரர், வெட்டியார், ஏரித் தண்ணீர் பாய்ச்சுகிறவர், பஞ்சாங்கம் சொல்கிறவர், இப்படிப் போகிறது. பரிவட்டத்துக்குச் சண்டை போடுகிற குடும்பத்தை மட்டும் ஊர் என்று எழுதிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் ஊர் முழுசாகக் கண்ணில் பட்டது.

அப்புறம் மானியம். வேலைக்காக வரியில்லாமல் விட்ட நிலம். 1858ல் இனாம் கமிஷன் வைத்து ஒவ்வொரு மானியத்தையும் யார் கையில், என்ன வேலைக்கு, எப்போதிலிருந்து என்று விசாரித்துப் பதிவேடு போட்டார்கள். நிலம் கைமாறினாலும் வயலின் பெயர் மாறுவதில்லை. ஆயா இருந்தவரை வழி சொல்வதே இப்படித்தான்: குயவன் மேட்டைத் தாண்டி, ஆசாரி மானியத்தோரமா வந்து, தலையாரி கொல்லையில திரும்பு. இன்றைக்கு அதெல்லாம் முறையே ஒரு பிரியாணிக் கடை, ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்கூடம், மூன்று பிளாக் அபார்ட்மெண்ட். எங்கள் ஊர் கர்ணம் வீட்டில் பழைய கணக்கெல்லாம் இருந்ததாம். 1980 நவம்பரில் எம்ஜிஆர் அரசு கர்ணம் போன்ற பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தபின் கோபத்தில் இரண்டு மூன்று போகிக்கு எரித்துவிட்டார்களாம். கேட்டபோது வயிறு எரிந்தது எனக்குத்தான்.

இவ்வளவு பேசிவிட்டுச் சேரியைப் பற்றிப் பேசாமல் போனால் நான் எழுதியதும் மலர் வரலாறுதான். நடவு, அறுப்பு, மாடு, ஏரிக்கரை எல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தது, பெயர் மட்டும் பண்ணையாள், படியாள். எல்லைத் தகராறு வந்தால் எது ஊர் எல்லை என்று நடந்து காட்ட அவர்களைத்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதே எல்லைக்குள் ஒரு துண்டுத் தரிசுக்கு அவர்கள் தர்க்காஸ்து (நிலம் கேட்டு மனு) போட்டால் மிராசுதாரருக்கு முதல் உரிமை என்று தட்டிவிடலாம். குடியிருந்த மனையே மிராசுதாரர் தயவு. செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891ல் இதை அப்பட்டமாக எழுதி அனுப்பினார். அதை ஒட்டி 1892ல் வந்த உத்தரவுதான் சேரி மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தின் தொடக்கம். யார் முதலில் வந்தது என்ற கேள்விக்கு வெறும் மரியாதை மட்டும் இல்லை, நிலமும் ஒட்டிக்கொண்டிருந்தது என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நான் எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தில் எங்கள் கிரயப் பத்திரம் இருந்தது, மேரை வாங்கிய குடும்பங்கள் இருந்தன, காலனியில் இருக்கும் கம்புகட்டி குடும்பம் இருந்தது. ஏரி மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவரை எங்கள் ஊரில் கம்புகட்டி என்பார்கள். மலர் வந்தது. ஊர் வரலாறு ஒரு பக்கம், ஆதொண்டனில் ஆரம்பித்து எம்எல்ஏ வாழ்த்தில் முடிகிறது. மீதி மூன்று பக்கம் நகைக்கடை, டைல்ஸ் கடை, நாற்பதாம் நாள் அஞ்சலி. சித்தப்பா மட்டும் "நல்லாத்தாண்டா எழுதியிருந்த" என்றார், தலையைத் திருப்பிக்கொண்டு.

கம்புகட்டி தாத்தாவின் பேரன் எனக்குப் பத்து வயது மூத்தவர். பஞ்சாயத்து காலத்தில் மேல்நிலைத் தொட்டி ஆப்பரேட்டராக இருந்தார். விடியற்காலை வால்வைத் திறந்து தெருவுக்குத் தெரு முறை வைத்துத் தண்ணீர் விடும் வேலை. மலர் வந்த மறுவாரம் அவரைப் பார்க்கப் போனேன். எப்போதிலிருந்து இந்த ஊரில் இருக்கிறீர்கள் அண்ணே என்றால், "ஏரி வெட்டுனப்போலேர்ந்துன்னு எங்க ஆயா சொல்லும். ஏரி எப்ப வெட்டுனாங்கன்னு அதுக்குத் தெரியாது" என்றார். பெரிய மடை எங்கே இருந்தது என்று கேட்டேன். வண்டியில் உட்காரவைத்து அந்த மூன்று பிளாக் அபார்ட்மெண்ட்டுக்கே கூட்டிப்போனார். செக்யூரிட்டி தெரிந்தவர், விட்டுவிட்டார். பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் இரண்டு கார்களுக்கு நடுவே போய் நின்று செருப்புக் காலால் தரையைத் தட்டினார்.

"இங்கதான் தம்பி. ரெண்டு கண்ணு மடை. எங்க தாத்தா மூச்சடக்கி உள்ள எறங்கித்தான் தொறப்பாரு. சம்ப்ப நேரா அது மேலயே கட்டிட்டாங்க. 2015 டிசம்பர்ல இந்தத் தூண்ல பாரு, இதோ இதுவரைக்கும் தண்ணி. எனக்குப் போன் பண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கேட்டாங்க. இப்பவும் ஐப்பசி பொறந்தா சம்ப்பு தானா ரொம்புது, ராத்திரி பூரா மோட்டார் போட்டு வெளிய எறச்சிக்கினு இருக்காங்க."